வாயசைப்பு

வருகிற ஞாயிறு சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை, முடிந்ததும் சபையார் எல்லாருக்கும் கறிச்சோறு என்று போதகர் அறிவித்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாடகர் குழுவில் நிற்கிறவன் நான். பயிற்சிக்குப் போனால், புதுசாக வந்த பாட்டு மாஸ்டர் தேவவரம் என்னைக் கூப்பிட்டான். "தாத்தா, ஆராதனை போன்ல லைவா போகுது. உங்க குரல் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கு. அங்கியப் போட்டு நில்லுங்க, வாயை மட்டும் அசைச்சா போதும்."

"அதுக்கு ஒரு பொம்மைய நிறுத்திக்கயேன்."

"பொம்மை கறிச்சோறு திங்காதே தாத்தா" என்றான். குழுவிலிருந்த எல்லாப் பயல்களும் சிரித்தார்கள்.

போகாமல் இருந்தால் கிழவன் பயந்துவிட்டான் என்பார்கள். ஞாயிறு சாயங்காலம் போய் நின்றேன். முதல் பாட்டிலேயே தெரிந்துபோச்சு, ஒருத்தன் கழுத்திலும் நரம்பு புடைக்கவில்லை. பதிவு பண்ணின பாட்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது. அத்தனை பேரும் வாயைத்தான் அசைக்கிறார்கள். மூன்றாம் பாட்டின் நடுவில் கரண்ட் போனது, பாட்டும் போனது. வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேவவரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "தாத்தா, உங்களுக்குத்தான் மனப்பாடம். சத்தமா பாடுங்க தாத்தா" என்று கெஞ்சினான். அவன் முதலில் சொன்னபடியே வாயை மட்டும் அசைத்தேன். கோயிலே என்னைப் பார்த்தது. காது போய் ரொம்ப வருஷமான என் பெண்டாட்டி செல்லக்கனி மட்டும் முதல் பெஞ்சில், எப்போதும்போல என் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.