மாசிலாமணி சாகாத புத்தகம்

வேதநாயகி வாசகர் வட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லோருடைய கண்களும் சிவந்திருந்தன.

"மாசிலாமணி போயிட்டானேக்கா" என்றாள் ஜைனம்பு. மாசிலாமணி, இந்த மாதம் அவர்கள் எல்லோரும் வாசிக்கும் நாவலில் வரும் லாரி டிரைவர்.

"எங்க போனான்? நேத்து நான் படிக்கறப்பகூட பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு இட்லி தின்னுட்டிருந்தானே?"

ஜைனம்பு தன் புத்தகத்தில் அவன் செத்துப்போகும் பக்கத்தைக் காட்டினாள். வேதநாயகிக்கு மெல்ல விளங்கியது. அவளுடைய ரத்த அழுத்தத்துக்குத் தகுந்தபடி கதையை மாற்றிக்கொள்ளுமாறு மகன்தான் அவளுடைய மின்புத்தகத்தில் ஏற்பாடு செய்திருக்கிறான். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தது போதாதென்று கதையிலுமா?

"என் மகன் பண்ண வேலைதான் இது. அவங்கப்பா உயிர் போனப்ப பக்கத்துல இருந்தவ நான். கதையில ஒருத்தன் செத்தா தாங்கமாட்டேனாமா? இன்னைக்கே மாத்தச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

ஜைனம்பு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மாத்திடாதீங்கக்கா. எங்க புத்தகத்துல இனி அவன் வரமாட்டான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இட்லி தின்னுட்டு அப்புறம் என்ன பண்ணான், படிங்க."

மற்றவர்கள் தங்கள் புத்தகங்களை மூடிவிட்டு, நாற்காலிகளை வேதநாயகியின் அருகே இழுத்துப் போட்டார்கள்.