ஈறு ஒட்டும் வரை

“என்ன வாத்தியாரே, வீட்டுல சண்டையா? பத்து நாளா அம்மா சிரிக்கிற சத்தமே கேக்கலையே?” மதில் மேலாக எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

“சண்டை இல்ல சார், ஈறு” என்றார் கணக்கு வாத்தியார், துக்கம் விசாரிக்க வந்தவரிடம் சொல்வதைப் போல.

மனைவிக்குக் கீழ்ப்பல் இரண்டில் ஈறு இறங்கி, வேர் தெரிய ஆரம்பித்திருந்தது. பல் டாக்டர் மேலண்ணத்திலிருந்து துளிச் சதையை எடுத்து அங்கே ஒட்டித் தைத்தார். “உதட்டை இழுத்துச் சிரிச்சா ஒட்டினது நகர்ந்துடும். ரெண்டு வாரம் சிரிக்கவே கூடாது” என்று அவர் சொன்னதும், வாய் நிறையப் பஞ்சோடு அந்த அம்மாள் வேகவேகமாகத் தலையாட்டினாள்.

வாத்தியாருக்குத்தான் உயிர் போனது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஜோக்காவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பது மார்க்குக்காக. வீட்டில் இவள் விழுந்து விழுந்து சிரிப்பதுதான் நிஜம். இருபது வருஷமாக அந்தச் சிரிப்பை நம்பித்தான் மனுஷன் வாழ்கிறார்.

இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். மாமனார் கழுதை வாங்கப் போன கதை, நூறு தடவை சொன்னதுதான், நாக்கு நுனி வரை வந்தும் விழுங்கினார். தன் வாயால் அவள் ஈறு கெட்டுவிடக் கூடாதே என்ற பயம். அவளோ ஆறின சூப்பைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துத் தூங்கினாள். முகம்கூட முன்னைவிடத் தெளிந்திருந்தது.

தையல் பிரிக்கும் நாளும் வந்தது. டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, “பிரமாதம்! சதை நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார்.

“அப்ப சிரிக்கலாமா டாக்டர்?” முந்திக்கொண்டு கேட்டவர் வாத்தியார்தான்.

“தாராளமா!”

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. “கழுதைக் கதையப் போற வழியிலேயே சொல்றேன், வா!” என்று வண்டியை எடுக்க ஓடினார். பாதிப் படி இறங்கிய பிறகுதான் சாவியை மேஜை மேல் விட்டது நினைவு வந்தது. திரும்பி வந்து கதவைத் தள்ளப் போனார்.

உள்ளே மனைவியின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“அவர்கிட்ட இன்னும் ஒரு மாசம்னு சொல்லிடுங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”