இரண்டாவது புள்ளி

கணக்கு வாத்தியார் ஓரெஸ்ட்டின் வினாத்தாளைப் பார்த்து வினிபெக் பள்ளியின் பத்தாம் வகுப்பே திருதிருவென்று விழித்தது. ‘இவ்விரு நேர்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைக் காண்க’ என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் அறையில், பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் லாரிசா தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு நேர்கோடு ஒரு தடவைதான் வெட்டும், மேதையே! அப்புறம் விலகிப் போயிட்டே இருக்கும்.”

“மறுபடி சந்திக்கவே சந்திக்காதா?”

“சந்திக்காது.”

“எவ்வளவு தூரம் நீட்டினாலும்?” ஓரெஸ்ட் விடாமல் கேட்டார்.

லாரிசா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீ கணக்கைக் கேக்கறியா, நம்ம விவாகரத்தைக் கேக்கறியா?”

“விவாகரத்தைத்தான்.”

“அந்த விதி நேராப் போற கோட்டுக்கு. நீ என்னிக்கு நேராப் போயிருக்கே? ஞாயித்துக்கிழமை பெரோகி செய்யறேன், வீட்டுக்குச் சாப்பிட வா.”