சாடிக்குள் சண்டை

ஆணி குத்திய செழியனின் பாதம் வீங்கிச் சிவந்துவிட்டது. ஆனால் காயத்துக்கு மருந்து சுரப்பதற்காக வீட்டுச் சாடியில் வளர்த்த நுண்ணுயிரிகள் இம்முறை எதையும் சுரக்கவில்லை. சுரந்திருந்தால் நீர் நீலமாகியிருக்கும்.

அவன் மனைவி வஞ்சி, தன் கல்யாணச் சீராகத் தாய்வீட்டிலிருந்து வந்த இன்னொரு சாடியைத் திறந்து, அதிலிருந்ததை வீட்டுச் சாடியில் ஊற்றப் போனாள்.

“கலக்காதம்மா, ரெண்டும் அடிச்சுக்கும்!” என்று பதறினார் மாமியார்.

“அடிச்சுக்கட்டும் அத்தை. எதிரியைப் பார்த்தாத்தான் மருந்து சுரக்காம தூங்குற மரபணு முழிக்கும். இந்த வீட்டுல எல்லாம் சொகுசா இருந்து சோம்பிப்போச்சு.”

“யாரைச் சொல்ற?”

“சாடியைத்தான்!”

விடிந்தபோது கலவை மயில்கழுத்து நீலத்தில் மின்னியது.

“எங்க சாடியோட ரோஷம் இது,” என்றார் மாமியார்.

“எங்கம்மா வீட்டுச் சாடி போட்ட போடு அத்தை!”

“மொதல்ல ஊத்துங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்,” என்று செழியன் காலை நீட்டினான்.

மாமியார் சாடியைச் சாய்த்தார். வஞ்சி அவன் பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டாள்.