பலகை சொன்ன விரிசல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு சென்ட்ரிங் பலகை. பல வருடங்களாக இதில் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு கட்டடத்தில் உத்தரம் வார்த்தார்கள். பாதி சிமெண்ட், மீதிப் பாதி, இரும்பு உலையில் கழிந்த கசடை அரைத்த தூள். ஈரக் கலவையைப் பலகை தாங்கியது. பலகையை ஒரு சவுக்கு முட்டு தாங்கியது.

சில நாளிலேயே பலகை உத்தரத்திடம் முனகியது. "முழு சிமெண்ட்டா இருந்தா இந்நேரம் என்னை அனுப்பியிருக்கும். நீ இன்னும் ஊறிக்கிட்டே கிடக்கிறியே!"

"கோச்சுக்காதீங்க அண்ணே. கசடு மெதுவாத்தான் இறுகும். இறுகிட்டா அசையாது. எனக்காகச் சிமெண்ட் சூளையில சுட்ட சுண்ணாம்புக்கல்லும் பாதிதான், விட்ட புகையும் பாதிதான்," என்றது உத்தரம்.

"உலைக்குப்பை புகையைப் பத்திப் பேசுது! அடுத்த தளத்துல எனக்கு வேலை கிடக்கு."

"இப்ப விட்டீங்கன்னா தொங்கிடுவேன்ணே."

"தினமும் இதே பாட்டு!"

"உன்னையும் சேர்த்துத் தாங்குற நானே சும்மா இருக்கேன்," என்றது முட்டு.

இந்த இடத்தில் பலகையின் கதை எப்போதும் ஒரு தாவு தாவும். "ஒருநாள் பார்த்தா நடுவுல விரிசல். கசடு புத்தி அதுதான் சார்."

போகிற தளமெல்லாம் இதையே சொல்கிறது. கசடை வாங்க ஆளில்லாமல் உலையடியில் மலையாகக் குவிந்துவிட்டது. நானும் இத்தனை காலம் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். போன வாரம் மறுபடியும் ஆரம்பித்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்:

"விரிசல் விழுந்தப்போ அதுக்கு அடியில நீ இருந்தியா?"