கறுப்பு ராஜாவின் முகம்

"தேசிகன் சார் வீட்டுக் கறுப்பு ராஜாவைச் செஞ்சது நீங்கதானே? சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. இன்ஸ்பெக்டர் அய்யா கையோட கூட்டிட்டு வரச் சொன்னார்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் நசுருதீன் உட்காரக்கூட இல்லை. சவரிநாதன் உளியைக் கீழே வைத்தார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் மரம் இழைத்து ரிட்டயரானவர் அவர். இப்போது வீட்டிலேயே செஸ் செட் செய்கிறார். ஆடுவதற்கு அல்ல, கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. ஒரு சாண் உயரத்தில் ராஜா, யானை, குதிரை, சிப்பாய் என்று முப்பத்திரண்டு உருப்படி. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டம் தெரியாது. அவருக்கும் தெரியாது.

எந்த இன்ஸ்பெக்டர் என்று கேட்டார். வீரமலை என்றார் கான்ஸ்டபிள்.

அவனேதான். மாற்றலாகிப் போய்த் தொலைந்தான் என்று நினைத்திருந்தார். போன வருஷம் மார்க்கெட் பக்கம், சைக்கிளில் லைட் இல்லை என்று ரெண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். ஏன் சார் என்று கேட்டதற்கு அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்தான். அறுபது வயசுக்கு மேல் வாங்கிய அறை. போலீஸ்காரனைத் திருப்பி அடிக்க முடியுமா? சவரிநாதன் வீட்டுக்கு வந்து உளியை எடுத்தார்.

ஈட்டி மரத்தில் வீரமலை அப்படியே வந்தான். விடைத்த காது, பிளந்த முகவாய், தொங்கும் கீழுதடு. அதோடு விட்டிருக்கலாம். நீயும் ஒரு நாள் இப்படி ஆகணும்டா என்று தலையை வழுக்கையாக்கி, கன்னத்தைக் குழியாக்கி, பல்லைப் பிடுங்கி, எழுபது வயசுக் கிழவனாக்கிச் சிம்மாசனத்தில் உட்கார்த்தினார். அந்த செட்டைத்தான் ஸ்ரீரங்கத்து தேசிகன் வாங்கிப் போயிருந்தார்.

ரோசம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, சட்டையை நீட்டுகிற சாக்கில் புருஷன் காதில் சொன்னாள்.

"ஊர்ல எத்தனை மூஞ்சி இருக்கு. உங்களுக்குப் போலீஸ்காரன் மூஞ்சிதான் கெடைச்சுதா? வீம்பு பேசாம கால்ல விழுந்துடுங்க. இந்த ஒடம்பு இன்னொரு அடி தாங்காது."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்காக தேசிகன் வீட்டுக்குப் போன அய்யா, அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார் என்றும், ராஜாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றும் நசுருதீன் சொன்னார். ரெண்டு நாளாக ஸ்டேஷனில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். கோலி சோடா வேணுமா என்றும் கேட்டார். சவரிநாதன் வேண்டாம் என்றார். அடிக்கக் கூட்டிப் போகிறவன் வாங்கித் தரும் சோடாவை எவன் நம்புவான்?

பஸ் காவிரிப் பாலம் ஏறியபோது அவர் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார். யாரையும் பார்த்துச் செய்யவில்லை, மனசில் தோன்றியதைச் செதுக்கினேன். இதை ஜெபமாலை உருட்டுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தேசிகன் வீட்டுக் கூடத்தில் வீரமலை யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தான். கறுப்பு ராஜா அவன் மடியில் இருந்தது. ரெண்டும் ஒரே முகம். குருடனுக்குக்கூடத் தெரியும். தான் அறைந்த ஆள் என்று வீரமலைக்கு ஞாபகம் இருந்ததா, இல்லையா என்றுதான் சவரிநாதனுக்குத் தெரியவில்லை.

"இதை ஆளைப் பார்த்துச் செஞ்சியா? இல்ல, சும்மா தோணினதா?"

"சும்மா மனசுல தோணினது…"

தேசிகன் விடவில்லை. காலேஜில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், தப்பைத் திருத்தாமல் இருக்கத் தெரியாதவர்.

"என்ன ஓய், அடக்கமா? கண்ணால பார்க்காத மூஞ்சியை என் உளி தொடாதுன்னு இதே கூடத்துல சொன்னீரே. இன்ஸ்பெக்டர்வாள், அவர் பார்த்துத்தான் பண்ணினார். நான் சாட்சி."

அன்றைக்கு அடித்த ஜம்பம் இன்றைக்குக் கழுத்தில் விழுந்தது. காலில் விழலாம் என்று பார்த்தால் முழங்கால் மடங்க மறுத்தது.

"பார்த்துத்தாங்க செஞ்சேன்" என்றார்.

வீரமலை எழுந்து வந்தான். பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. சவரிநாதன் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைக் கொடுத்துவிட்டு நின்றார்.

அறை விழவில்லை. அவருடைய ரெண்டு கையையும் யாரோ சேர்த்துப் பிடித்தார்கள். பிடித்த கை வேர்த்திருந்தது.

"எங்கப்பாங்க அவரு. நான் அவரை உரிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வீட்டை விட்டுப் போய் ஒம்பது வருஷமாச்சு. செத்துட்டார்னு கருமாதியும் பண்ணிட்டோம்" என்றான் வீரமலை. "எங்கம்மா வெளியில ஜீப்புல உக்காந்திருக்காங்க. நேத்து இதைப் பார்த்ததிலேருந்து மறுபடியும் நெத்தியில பொட்டு வச்சிருக்காங்க. எந்த ஊர்ல பார்த்தீங்க அய்யா, சொல்லுங்க."