சபெராவிக் கறை

“என் சபெராவித் திராட்சையைத் திருடினவனை அவன் கையே காட்டிக்கொடுக்கும்! சபெராவிச் சாறு ரத்தம் மாதிரி, லேசுல போகாது. சாயங்காலம் அறுவடை விருந்துல ஒவ்வொருத்தன் கையையும் பார்க்கத்தான் போறேன்!”

ரொட்டி அடுப்படியில் நின்று மக்வாலா போட்ட கூச்சல் திராட்சை விளையும் ககேதி வட்டாரத்தின் அந்தக் கிராமம் முழுக்கப் பரவியது. இரவோடு இரவாக அவள் தோட்டத்தில் இரண்டு வரிசையை யாரோ மொட்டையடித்திருந்தார்கள்.

விருந்தில் கொழுந்தன் குராம் எதிரே வந்து உட்கார்ந்தான். “அண்ணன் போனப்புறம் ஒத்தைப் பொம்பளைக்குத் தோட்டம் எதுக்கு அண்ணி? எனக்கு வித்துடுங்கன்னு அப்பவே சொன்னேன்.”

“அதைப் பேசலாம். முதல்ல கையைக் காட்டு.”

“எனக்கென்ன பயம்?” குராம் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தான். நகக்கண்ணில்கூடக் கறை இல்லை; விரல் தோல் மட்டும் சிவந்து உரிந்திருந்தது.

“நீங்களும் காட்டுங்கப்பா” என்றாள் மற்றவர்களிடம்.

பாதிரியார் உட்பட எல்லார் கையும் கறையேறிக் கன்னங்கரேலென்று இருந்தது.

குராம் விழுந்து விழுந்து சிரித்தான். “இதுல திருடன் எவன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!”

“கண்டுபிடிச்சாச்சு. ஒரு வாரமா ஊரே சபெராவிதான் பறிக்குது. நேத்து சாயங்காலம் வரைக்கும் உன் தோட்டத்துல நீயும்தான் பறிச்சே. எவனும் கறையைப் பத்திக் கவலைப்படலை. நீ மட்டும் கறை போகணும்னு புளிப்பு பிளம்ஸைப் போட்டுத் தோல் உரியத் தேய்ச்சது எதுக்குடா?”

குராமின் சிரிப்பு அப்படியே நின்றது. விருந்துத் தலைவர் அவன் முன்னாலிருந்த மதுக்கிண்ணத்தை எடுத்து, இனி அவனுக்கு இந்தப் பந்தியில் இடமில்லை என்பதுபோலக் கவிழ்த்து வைத்தார்.

மக்வாலா தன் கிண்ணத்தை நிதானமாகக் காலி செய்தாள்.

“இனி இந்த ஊர்ல உனக்குத் தோட்டம் எதுக்கு குராம்? எனக்கு வித்துடு.”